ஏழு பேரும் ஒரு ரோஜாப்பூவும்

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து மூட்டம். நாலு தூறல் போட்டுவிட்டு மழை நரிக்குடிப் பக்கம் போய்விட்டது. அருப்புக்கோட்டை என்றால் அதற்கு எப்போதும் இளக்காரம்.

கடை திறந்ததும் முதல் ஆளாக மகளிர் கல்லூரித் தமிழ்த்துறை மேடம். மொழியைப் பற்றிக் கண்காட்சியாம். பன்னிரண்டு போஸ்டர், பன்னிரண்டு கருத்து. டவுனில் உள்ள டிசைன் கடைக்காரர்களுக்கெல்லாம் பிரித்துக் கொடுக்கிறார். மடித்த சீட்டுகளை நீட்டி ஒன்று எடுக்கச் சொன்னார். எடுத்தேன். ‘சொல்லாமல் சொல்வது’.

நிபந்தனை ஒன்றுதான். போஸ்டரில் ஒரு எழுத்துகூட இருக்கக் கூடாது. பார்த்தவுடன் புரிய வேண்டும்.

பதினாறு வருஷமாகப் பிளக்ஸ் டிசைன் பண்ணுகிறேன். பத்துக்கு எட்டு அடியில் நூறு பெயருக்கு மேல் அடித்தவன். ஒரு கை அகலம் காலியாக விட்டால், “அங்கன சும்மாதான கெடக்கு, எங்க சின்ன மாமனாரப் போடுங்க” என்று போட்டோவோடு வந்துவிடுவார்கள். என்னிடம் போய் எழுத்தில்லாமல்.

பஜார் செந்திலுக்கு ‘மழலை’ விழுந்திருக்கிறது. ஒரு குழந்தை போட்டோவைப் போட்டு அரைமணி நேரத்தில் முடித்துவிட்டானாம். அதிர்ஷ்டக்காரப் பயல்.

இன்றைய வேலை:
பாலவநத்தம் பூப்புனித நீராட்டு, 8 x 6. மயில் இரண்டு போதாது, நாலு வேண்டுமாம்.
கண்ணீர் அஞ்சலி ஒன்று. போட்டோவில் அவர் சிரிக்கிறார். சிரிக்காத போட்டோ வேறு இல்லையாம்.
ஆட்டோ ஸ்டிக்கர், 2.
மேடத்துக்கு வெள்ளிக்கிழமை மாதிரி காட்ட வேண்டும். கண்காட்சி 14.


நவம்பர் 5, புதன்

வெயில். இந்த மாதத்தில் இப்படி ஒரு வெயில்.

போட்டுப் பார்த்தவை:
1. உதட்டில் விரல் வைத்த பெண். ஆஸ்பத்திரிச் சுவர்.
2. வாயில் பூட்டு. மு. பார்த்துவிட்டு யாரைக் கைது பண்ணினார்கள் என்றாள். (மு. = முத்துலட்சுமி. சம்சாரத்தின் முழுப் பெயரையும் தினம் எழுதக் கை வலிக்கிறது.)
3. காலி நாற்காலி. நாற்காலி விளம்பரம்.
4. முழுக் கறுப்பு. பிரிண்ட் எடுத்துப் பார்த்ததில் மை வீண்.

மத்தியானம் மு. சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். சுகன்யாவுக்குத் தை மாதம் கல்யாணமாம். மாப்பிள்ளை விருதுநகர். திருச்சுழியில் இருக்கும் மு.வின் சித்தி மகள் போனில் சொல்லியிருக்கிறாள்.

சுகன்யா என் கூடப்பிறந்த அக்கா பாக்கியத்தின் மகள். ஒரே மகள். நான் ஒரே தாய்மாமன். மாலை எடுத்துக் கொடுக்க வேண்டியவன், மணவறைக்குக் கைப்பிடித்துக் கூட்டிப் போக வேண்டியவன். எனக்கு யார் மூலமாகவோ தெரிகிறது. அதுவும் குழம்பு ஊற்றும்போது.

யார் மாலை எடுத்துக் கொடுப்பார்களாம் என்று கேட்டேன். எங்கள் பெரியப்பா மகனைக் கூப்பிடப் போவதாகப் பேச்சு அடிபடுகிறதாம். அதற்கு மேல் சாப்பிடவில்லை. மோர்கூட வேண்டாம் என்றுவிட்டேன்.

இரண்டு வருஷமாக எழுதாமல் விட்டதை இன்று எழுதிவிடுகிறேன்.

என் மகள் காதணி விழா. பிளக்ஸ் நானே டிசைன். மேல் வரிசையில் எட்டு வட்டம், எட்டு முக்கியஸ்தர்கள், எல்லாரும் கும்பிட்டபடி. நாலாவது வட்டம் அத்தான் தனுஷ்கோடி, அக்கா வீட்டுக்காரர், திருச்சுழியில் உரக்கடை. மண்டப வாசலில் பிளக்ஸைக் கட்டிய பிறகு பார்த்தால் ஏழு பேர்தான் இருந்தார்கள். நாலாவது இடத்தில் பின்னணியில் போட்ட ரோஜாப்பூ. அத்தானின் முகமும் இல்லை, கீழே பெயரும் இல்லை.

நான் பார்ப்பதற்கு முன்னால் அவர் பார்த்துவிட்டார். சீர்த்தட்டோடு வந்தவர், தட்டை வாசலில் ஒரு நாற்காலியில் வைத்துவிட்டு அக்காவையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். கம்ப்யூட்டரில் ஏதோ தப்பு என்று போனில் சொன்னேன். அக்கா கேட்டாள்: “எட்டுப் பேருல ஒன் கம்ப்யூட்டருக்கு எங்க வீட்டுக்காரர மட்டும் பிடிக்கலயா?” போனை அவளே வைத்தாள்.

அதற்கு ஒரு வாரம் முன்னால்தான் தேதி விஷயமாக அத்தானுக்கும் எனக்கும் வாக்குவாதம். மிளகாய் எடுத்த பிறகு விழாவை வை, இப்போது கடையை விட்டு வர முடியாது என்றார். மண்டபம் கிடைத்த தேதியில் வைத்தேன். ஆகவே சொந்தக்காரர்கள் எல்லாரும் கணக்காகப் புரிந்துகொண்டார்கள், வேண்டுமென்றே விட்டுவிட்டான் என்று.


நவம்பர் 7, வெள்ளி

நேற்று எழுதவில்லை. கரண்டு இல்லை, வேலை குவிந்துவிட்டது.

மேடம் மாதிரிகளைப் பார்த்தார். நாலையும் ஒதுக்கிவிட்டார். கோபமாக இல்லை, பொறுமையாக. அதுதான் கஷ்டமாக இருந்தது. வாயை மூடியிருப்பது வெறும் மௌனம், அது வேறு சீட்டு, செந்திலின் மச்சான் எடுத்திருக்கிறார் என்றார். பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“பேசிட்டே இருக்காங்க. எல்லாத்தையும் சொல்றாங்க. ஒண்ணே ஒண்ணை மட்டும் சொல்லல. அது மத்த எல்லாத்தையும் விடச் சத்தமாக் கேக்கணும். அதைப் படமா வரைய முடியுமா, கதிரேசன்?”

பார்க்கிறேன் மேடம் என்றேன். அவருக்கு என் வீட்டுக் கதை தெரியுமா என்று ஒரு நிமிஷம் சந்தேகம். தெரிய வழியில்லை, அவர் தென்காசிப் பக்கம்.

சாயங்காலம் மருந்து வாங்க மறந்தேன். மு.வுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. அவளும் இன்று சொல்லாமல்தான் சொன்னாள், வெந்நீர் டம்ளரை என் முன்னால் வைத்துக் குடித்து.


நவம்பர் 8, சனி

விடிகாலையில் நல்ல மழை. ஒரு மணி நேரம். கடை வாசலில் தண்ணீர்.

ஒரு காரியம் செய்தேன்.

போஸ்டருக்கு எனக்குத் தெரிந்த ஒரே வழி பிளக்ஸ்தான். எட்டு வட்டம், ஏழு ஆள். அந்தப் பழைய பைல் இருந்தால் வேலை பாதி குறையும். இரண்டு வருஷமாக அதைத் திறக்கவே இல்லை. ஏன் திறக்கவில்லை என்று மு.விடம்கூடச் சொன்னதில்லை. அந்த வாரம் எனக்கும் அத்தான் மேல் கோபம்தான். வேலை செய்துகொண்டே அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஒருவேளை நானே அழித்திருந்தால்? கோபத்தில் அழித்துவிட்டு எனக்கே மறந்திருந்தால்? ஊர் சொல்வது நிஜமாகவே இருந்தால்? அந்தப் பயத்தில்தான் பைல் இரண்டு வருஷம் கிடந்தது.

திறந்தேன். எங்கள் வேலையில் ஒவ்வொரு படமும் தனித்தனிக் கண்ணாடித் தாள் மாதிரி ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடக்கும். லேயர் என்போம். ஒவ்வொரு லேயருக்கும் பக்கத்தில் சின்னதாக ஒரு கண். அதைத் தட்டினால் படம் மறையும், இன்னொரு தடவை தட்டினால் வரும். கீழே இறங்கி இறங்கிப் பார்த்தேன். ‘தனுஷ்கோடி அத்தான்’ என்று ஒரு லேயர், படமும் பெயரும் சேர்த்து. அழியவில்லை. கண் மட்டும் மூடியிருந்தது.

தட்டினேன். வந்துவிட்டார்.

எல்லாம் ஞாபகம் வந்தது. கடைசி நேரத்தில் என் மச்சினன், அதாவது குழந்தையின் தாய்மாமன், தன் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கச் சொல்லிப் போன் பண்ணினான். இடம் பார்க்க அத்தான் லேயரை மறைத்தேன். கரண்டு போனது. திரும்பி வந்ததும் அவசரத்தில் அப்படியே பிரிண்டுக்கு அனுப்பிவிட்டேன்.

இன்னொன்று. பெரிதாக்கிப் பார்த்தபோது தெரிந்தது. அத்தான் கொடுத்த போட்டோவில் அவர் சட்டையில் ஒரு பொத்தான் அறுந்திருந்தது, மேலிருந்து இரண்டாவது. நான் அதை வரைந்து வைத்திருக்கிறேன். நூல் சுற்றிய குறுக்குத் தையல்கூட. மற்ற ஏழு பேரில் யாருக்கும் இந்த வேலை பார்க்கவில்லை.

கொஞ்ச நேரம் அழுதேன். கடையில் யாரும் இல்லை, மழைக்கு ஷட்டர் பாதி இறக்கியிருந்தது. இரண்டு வருஷமாக நெஞ்சில் கிடந்தது இறங்கிவிட்டது. நான் செய்யவில்லை. மறதிதான். வெறும் மறதி.

மு.விடம் சொன்னேன். தொண்டைக் கட்டோடு, “நேர்ல போயிக் காட்டுங்க. போன்ல சொன்னா அக்கா மறுபடி கம்ப்யூட்டரத்தான் கேப்பாக” என்றாள். அவளுக்கு மருந்து வாங்கினேன்.


நவம்பர் 10, திங்கள்

காலை 9.40 பஸ். கையில் பெரிய தாளில் எடுத்த கலர் பிரிண்ட், சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டது. அன்று தொங்கியிருக்க வேண்டிய பிளக்ஸ், எட்டுப் பேரும் இருக்கிறார்கள்.

பஸ்ஸில் முன் சீட்டில் இரண்டு பெண்கள்: “அவ வரலைன்னு சொல்லல. திரும்பி வர எத்தனை மணிக்கு பஸ்ஸுன்னு கேட்டா. அப்பவே தெரிஞ்சுக்கிற வேண்டாமா.” மேடம் இந்த பஸ்ஸில் வந்திருக்க வேண்டும்.

இரண்டு பக்கமும் பருத்தி, மக்காச்சோளம். மழை பிடித்துக் கொஞ்சம் பச்சை. திருச்சுழியில் உரக்கடையில் கூட்டம் அலைமோதியது, மழை பெய்துவிட்டால் எல்லாருக்கும் யூரியா வேண்டும். அத்தான் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு யாரிடமோ வரிசையில் நிற்கச் சொல்லிச் சத்தம் போட்டார். இளைத்திருக்கிறார். காதோரம் முழுதும் நரை.

கூட்டம் குறையட்டும் என்று எதிரில் டீக்கடையில் உட்கார்ந்தேன்.
ஒரு டீ.
ஒரு வடை.
இன்னொரு டீ.
கூட்டம் குறைந்தது. நான் மூன்றாவது டீ சொன்னேன்.

என்ன பேசுவது என்று பஸ்ஸில் ஒத்திகை பார்த்தது எல்லாம் போய்விட்டது. ‘அத்தான், லேயரில் கண் மூடியிருந்தது.’ இதை உரமூட்டைக்கு நடுவில் ஒரு மனுஷனிடம் எப்படிச் சொல்வது. எழுந்து ரோட்டு ஓரம் வரை போனேன். அந்த நேரம் பார்த்து ஒரு லோடு லாரி வந்து நின்றது. அத்தான் நிமிர்ந்தார். நான் கரண்டுக் கம்பத்தை உற்றுப் பார்த்தேன், ஏதோ அதற்காகவே அருப்புக்கோட்டையிலிருந்து வந்தவன் மாதிரி. பிறகு பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.

பாதி வழியில்தான் கையைப் பார்த்தேன். சுருள் இல்லை. டீக்கடை பெஞ்சிலேயே வைத்துவிட்டேன்.

என்னை என்ன செய்வது.


நவம்பர் 11, செவ்வாய்

மு. சிரிப்பதா திட்டுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள். அந்த டீக்கடையில் இந்நேரம் அதில் வடை மடித்துக் கொடுத்திருப்பார்கள் என்றாள். போன் நம்பரும் இல்லை. இன்னொரு தடவை போகத் தைரியம் இல்லை என்று அவளிடமே சொல்லிவிட்டேன்.

போஸ்டரில் உட்கார்ந்தேன். ஆச்சரியம், கை தானாகப் போனது. அசல் விழாப் பிளக்ஸ் மாதிரி: ரோஜா, குத்துவிளக்கு, இரண்டு மயில் (நாலு இல்லை), பலூன் வளைவு. மேலே எட்டுத் தங்க வட்டம். ஏழில் கும்பிட்டபடி ஏழு பேர். நிஜ முகங்கள் வேண்டாம் என்று நானே வரைந்தேன். நாலாவது வட்டத்தில் ரோஜா மட்டும். பெயர் வரும் இடங்களில் எழுத்துக்குப் பதில் வண்ணப் பட்டை. நாலாவதுக்குக் கீழே பட்டையும் இல்லை.

மு. பின்னால் நின்று பார்த்தாள். ஏழு பேரும் இன்னும் நன்றாகச் சிரிக்க வேண்டும், அப்போதுதான் சுருக்கென்று இருக்கும் என்றாள். சிரிக்க வைத்தேன். அவள் சொன்னது சரி. பார்க்கவே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

கண்ணீர் அஞ்சலிக்காரர் வீட்டில் போஸ்டர் நன்றாக இருந்ததாம். சிரித்த முகம்தான் எல்லாருக்கும் பிடித்ததாம்.


நவம்பர் 12, புதன்

மேடம் போஸ்டரைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இது போதும் என்றார்.

போதும் என்றால் நல்லதா, போய்த் தொலைகிறது என்றா? எட்டு நாளாக இதே யோசனையில் இருந்து எல்லாமே எனக்குச் சொல்லாமல் சொல்வதாகத் தெரிகிறது. ஆவின் பால் பாக்கெட்டைக்கூட ஒரு மாதிரி பார்க்கிறேன்.


நவம்பர் 14, வெள்ளி

வெயில், காற்று. கண்காட்சி.

செந்திலின் ‘மழலை’க்கு நல்ல கூட்டம், எல்லாரும் குழந்தையோடு போட்டோ எடுத்தார்கள். ‘வதந்தி’யில் ஒரு காக்காய் ஊர்வலம். அது நன்றாகவே இருந்தது, பொறாமை இல்லாமல் சொல்கிறேன்.

என் போஸ்டருக்கு முன்னால் வருகிறவர்கள் முதலில் சிரிக்கிறார்கள், ஏதோ காதுகுத்துப் பிளக்ஸை மாற்றி மாட்டிவிட்டார்கள் என்று. பிறகு வட்டத்தை எண்ணுகிறார்கள். பிறகு சிரிப்பு நிற்கிறது. தூணுக்குப் பின்னால் நின்று கேட்டவை:

“ஏய், நாலாவது ஆளக் காணோம்டி.”
“எங்க சித்தப்பா கல்யாணத்துலயும் இப்படித்தான். இன்னைக்கு வரைக்கும் பேச்சு வார்த்தை இல்ல.”
“இது வேணும்னே செஞ்சதுதான். பூ வச்சு மறைச்சிருக்காக பாரு.”

கூட்டிப் பெருக்க வந்த அம்மா ஒருவர் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நின்றார். பக்கத்தில் நின்ற என்னிடம் கேட்டார்: “இவுகளா வரமாட்டேன்னுட்டாகளா, இல்ல அவுக இவுகள விட்டுட்டாகளா?”

மறந்து போச்சும்மா என்றேன். வாயில் வந்துவிட்டது.

அவர் என்னையும் போஸ்டரையும் மாறி மாறிப் பார்த்தார். “இம்புட்டுப் பெரிய ஆள எப்படி மறப்பாக” என்று சொல்லிவிட்டு அடுத்த ஹாலைப் பெருக்கப் போய்விட்டார்.

மேடம் வாழ்த்தினார். எல்லாரும் கைகொடுத்தார்கள். சந்தோஷம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இதைப் பார்க்க வேண்டிய ஆள் பார்க்கவில்லை.


நவம்பர் 16, ஞாயிறு

மூட்டம். தூறல் விட்டு விட்டு.

ஞாயிறு அரைநாள்தான் கடை. மணி பதினொன்று இருக்கும். ஷட்டர் ஓரம் குடையை மடக்கும் சத்தம். நிமிர்ந்தால் அத்தான். வேட்டி, மஞ்சள் பை, பையிலிருந்து நீட்டிக்கொண்டு ஒரு சுருள். ரப்பர் பேண்ட் என்னுடையதுதான்.

வாங்க அத்தான் என்று சொன்னேனா, நினைத்தேனா தெரியவில்லை. நாற்காலியைத் துடைத்தேன். அவர் உட்கார்ந்தார். கடையைச் சுற்றிப் பார்த்தார். டீ சொன்னேன். வந்தது. இருவரும் குடித்தோம். அக்கா சுகமா என்றேன், ம் என்றார்.

பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். உரக்கடைப் பில் புத்தகத்தில் கிழித்தது. கல்யாணப் பத்திரிகைக்குப் பெயர்கள், அவர் கையெழுத்து. பத்திரிகையும் வாசலுக்கு ஒரு பிளக்ஸும் வேண்டும் என்றார். விருதுநகரில் நல்ல கடைகள் இருக்கின்றன, திருச்சுழியிலேயே இரண்டு இருக்கின்றன. தாளை வாங்கிப் படித்தேன். மணமகள் பெயர், மணமகன் பெயர், இரண்டு பக்கத்துத் தாத்தாக்கள், பெரியப்பாக்கள், எல்லாம் வரிசையாக. எங்கள் பெரியப்பா மகன் பெயர் கீழே பத்தாவதாக மற்றவர்களோடு இருந்தது.

‘தாய்மாமன்’ என்று எழுதி, அதற்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. காலி.

இது என்ன? பழிக்குப் பழியா? ரோஜாப்பூவுக்குப் பதில் ரோஜாப்பூவா? தாளை அவர் பக்கம் திருப்பி, இந்த இடத்தில் பெயர் இல்லையே அத்தான் என்றேன்.

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு, “அதையும் நாந்தான் எழுதணுமா? ஒம் பேரு ஒனக்குத் தெரியாதா?” என்றார்.

பிறகு சுருளைப் பிரித்து மேசையில் விரித்தார். ஓரத்தில் எண்ணெய்க் கறை, டீக்கடைதான். நான் போன அன்றே எதிர் டீக்கடைக்காரர் ரோட்டைத் தாண்டி வந்து, இதில் நீங்கள் இருக்கிறீர்கள் என்று கொடுத்துவிட்டாராம். ராத்திரி அக்காவும் அவரும் சுகன்யாவும் விரித்து வைத்துப் பார்த்தார்களாம். அக்காதான் முதலில் கண்டுபிடித்திருக்கிறாள், அந்தச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக் கொடுக்காதவள் அவள்தானே.

அத்தான் தன் படத்தில் மேலிருந்து இரண்டாவது பொத்தான் மேல் விரலை வைத்தார்.

“அன்னைக்கு இது பிஞ்சு கெடந்துச்சு, மாப்ள. விட்டுப்போகணும்னு நெனைக்கிறவன் எதுக்கு உக்காந்து பொத்தான் வைக்கப் போறான்.”

சுருளைத் திரும்பச் சுருட்டிக்கொண்டே, மூணு டீ குடித்தவன் நாலாவதை நம் கடையில் வந்து குடித்திருக்கலாம் என்றார். பார்த்திருக்கிறார். கம்பத்தைப் பார்த்ததையும் சேர்த்து.

மு.வுக்குப் போன் போட்டேன். கோழி எடுக்கவா என்று மட்டும் கேட்டாள். அத்தான் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். போகும்போது பிளக்ஸில் தன்னை நாலாவது வட்டத்திலேயே போடச் சொன்னார். சுருளையும் பையில் வைத்துக்கொண்டார், அக்கா கண்ணாடி போட்டு மாட்டச் சொன்னாளாம்.

இப்போது மணி நாலு. தூறல் இன்னும் நிற்கவில்லை. கடையைத் திரும்பத் திறந்து பத்திரிகை வேலையை ஆரம்பித்துவிட்டேன். ‘தாய்மாமன்: அ. கதிரேசன், அருப்புக்கோட்டை’ என்று அடித்தாயிற்று. பொண்ணு மாப்பிள்ளை பெயரைக்கூட இன்னும் அடிக்கவில்லை.